பத்து கழிச்சியா?

காதல் என்றால் ஆளைப் பார்த்துத்தான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? நம் வரைபடக்காரிக்கு அது ஓர் ஊரைப் பார்த்து வந்தது. பத்தொன்பது வயதில், கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியிலிருந்து கூட்டிப்போன ஐந்து நாள் படிப்புப் பயணத்தில் வந்தது. வந்தது போகவே இல்லை.

அந்தப் பழைய நகரத்தில் இரண்டு பேருக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுத்தார்கள். வெளிப்புறத்தை அளந்து வரைய வேண்டும். ஒருத்தி டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வாள். மற்றவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே எழுதுவாள். திருப்பிச் சொல்லாத அளவு அளவே இல்லை என்பது வாத்தியாரின் சட்டம். இவளுடைய ஜோடியோ வந்து இறங்கியதுமே காலைச் சுளுக்கிக்கொண்டு விடுதியில் படுத்துவிட்டாள். கையில் கிடைத்த டேப்பும் முனை கிழிந்தது. முதல் பத்து சென்டிமீட்டரைக் காணோம். பத்தாம் கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, வருகிற எண்ணில் பத்தைக் கழிக்க வேண்டும்.

மேட்டுத் தெரு. ரொட்டிக்கடைக்கு எதிர்வீடு. பச்சை ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. பத்தாம் கோட்டில் குண்டூசி குத்தி, டேப்பை வாசல் நிலையில் மாட்டி, மறுமுனைக்குப் போய்ப் பழக்க தோஷத்தில் சத்தமாகச் சொன்னாள்.

"நூத்தி ஆறு."

அப்படியே எழுதியும் விட்டாள். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"பத்து கழிச்சியா?"

கழிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு தொண்ணூற்றாறு என்று திருத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே இருப்பவளுக்கு டேப் கிழிந்தது எப்படித் தெரியும்? ஓட்டமாய் ஓடி ரொட்டிக்கடைக்காரம்மாவிடம் கேட்டாள்.

"அந்த வீடா? பூட்டி வருஷக்கணக்காச்சேம்மா."

வேறொருத்தியாக இருந்தால் விடுதியைப் பார்த்து ஓடியிருப்பாள். இவள் எட்டுப் பேர் இருந்த வீட்டில் கடைக்குட்டி. இவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அங்கே யாரும் காது கொடுத்ததில்லை. பயத்தோடு பயமாகத் திரும்பிப் போய் ஜன்னலை அளந்து, பத்தைக் கழித்து, மெல்லச் சொன்னாள்.

"எண்பத்தி நாலு."

சற்றுப் பொறுத்து, உள்ளேயிருந்து, "எண்பத்தி நாலு."

அந்த நிமிஷம் விழுந்தவள்தான். ஐந்து நாளும் அந்தத் தெருவே கதியென்று கிடந்தாள். அளந்ததையே மறுபடி அளந்தாள். கல்படிகள், ரொட்டி வாசனை, கொடியில் காயும் யார் யாருடைய துணிகளோ, எல்லாமே தன்னைத் தெரிந்துகொண்டு பேசுவதுபோல இருந்தது.

ஊர் திரும்பியதும் அம்மா முகத்தைப் பார்த்தே கேட்டாள். "ஏண்டி, அங்க எவனையாவது பாத்துத் தொலைச்சியா?"

"ஊரைத்தாம்மா பாத்தேன்."

"ஊரைப் பாத்தவ மூஞ்சியா இது?"

படிப்பு முடிந்து ஒரு வரைபட அலுவலகத்தில் சேர்ந்தாள். முப்பத்திநாலு வருஷம் ஊராருக்கெல்லாம் வீடு வரைந்தாள். வந்த வரன்களைத் தட்டிக் கழித்தாள். ஒருவர் நல்ல மனிதர், இரண்டு வருஷம் காத்திருந்தார். அவருக்கும் கையை விரித்துவிட்டாள். "அந்த ஊர்ல இவளுக்கு யாரோ இருக்காங்க" என்று அக்காமார் பேசிக்கொண்டார்கள். அது பொய்யும் இல்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடியதும் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

பச்சை ஜன்னல் வீடு வாடகைக்குச் சும்மா கிடந்தது. குடிபோன அன்றே அறை அறையாக அளந்தாள். வாசல் தொண்ணூற்றாறு, ஜன்னல் எண்பத்திநாலு, அப்படியே இருந்தன. ஒவ்வோர் அளவையும் சத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பதிலே இல்லை. ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று மாதம் சொல்லிப் பார்த்தாள். வீடு வாயைத் திறக்கவில்லை. இதற்காகவா இத்தனையும் விட்டோம் என்று ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஏதோ உரசியது. ஜன்னல் பலகைகளுக்கு நடுவே பார்த்தாள். கதவு நிலையில் மஞ்சள் டேப் ஒன்று தொங்கியது. முனை கிழிந்து, குண்டூசி குத்தி. அதைச் சரிசெய்யும் ஒரு கை தெரிந்தது. முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"நூத்தி ஆறு" என்றது வெளியே ஒரு சின்னக் குரல்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வாயைத் திறக்கக் கூடாது. திறக்காவிட்டால் இந்தப் பெண் தப்பளவை எழுதிக்கொண்டு போவாள், வாத்தியாரிடம் திட்டு வாங்குவாள், ஊருக்குப் போய் அந்த நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு மனுஷியாக வாழ்வாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே பென்சில் எழுதும் சத்தம் கேட்டது. நூற்றாறு. தப்பு. முப்பத்திநாலு வருஷம் ஒரு தப்பளவைத் தாண்டவிடாத வாய் அது.

"பத்து கழிச்சியா?"

வெளியே எல்லாம் நின்றது. பிறகு ஓடும் காலடி. எதிர்க்கடையில் கேள்வி. ரொட்டிக்கடைக்காரம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த வீடா? பூட்டி வருஷக்கணக்காச்சேம்மா."

அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அதே கடையில், அதே அம்மாவிடம் பேசிச் சிரித்து வாங்கிவந்த ரொட்டி அங்கே இருந்தது. தொட்டாள். கல்லாய்க் காய்ந்திருந்தது.

காலடி திரும்பி வந்தது. டேப் ஜன்னலுக்கு நகர்ந்தது.

"எண்பத்தி நாலு" என்றாள் அந்தப் பெண், பயந்து பயந்து, யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு. அந்த ஏக்கம் இவளுக்குத் தெரியாததா?

சற்றுப் பொறுத்தாள். பிறகு திருப்பிச் சொன்னாள்.