அம்பத்தூர் வெயிலில் டபுள் கோட்டு

கீபோர்டை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் உத்தமன் எந்தக் கமாண்டையும் அடிப்பார். தூசு இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. முதலில் ஊதல், அடுத்து பத்து விரலுக்கும் நெட்டி, அப்புறம் நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துக்கொள்வது. இத்தனை சடங்கும் முடிந்து அவர் அடிப்பது பல நேரம் 'எல்.எஸ்.' என்ற இரண்டே எழுத்தாக இருக்கும். ஃபோல்டருக்குள் என்னென்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்க, கமாண்டுகளை வாங்கிச் செய்யும் 'ஷெல்'லிடம் சொல்கிற கமாண்டு அது. அதற்கே இந்த மரியாதை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளின் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார். பிறந்ததும் வளர்ந்ததும் ஆவடியில், டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். காலை எட்டு பத்து ரயிலில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கி, வழியில் யாரிடமும் சிரிக்காமல் நடந்து வருவார். மவுஸைத் தொடமாட்டார். "எலி புடிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்பார். அவருக்குக் கொடுத்த மவுஸ், கேன்டீன் டோக்கன்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் குப்புறப் படுத்திருக்கிறது.

கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஓடாமல் படுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வரவேண்டும். லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஜூனியர் பரத் வந்து நிற்பான்.

"அண்ணா, நேத்து வரைக்கும் ஓடிட்டிருந்துச்சு."

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணலண்ணா."

"ஒண்ணுமே பண்ணாதவன் இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

பிறகு திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி மூன்று கேள்வி கேட்பார். ஓடுவதற்கு பர்மிஷன் கொடுத்தாயா? விண்டோஸில் எழுதி இங்கே கொண்டுவந்து கொட்டினாயா? சமக்குறிக்குப் பக்கத்தில் இடம் விட்டாயா? இந்த மூன்றில் ஒன்றில் பரத் மாட்டிக்கொள்வான். அன்றைக்கு மாட்டியது மூன்றாவதில்.

"சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் காத்தாட வுட்டுகினு கீற. ஷெல்லு இன்னா உன் மாமியா ஊடா, சாஞ்சி ஒக்கார? ஒட்டி எழுது. ஸ்பேஸுதான் நைனா எமன். எத்தினி தபா சொல்றது?"

இது பரத்துக்குச் சொன்னது இல்லை. தளத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

இந்த மூன்று மருந்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை காலமாக வைத்தியம் பார்க்கிறார். நான்காவதாக ஒரு நோய் வந்துவிட்டால் முகம் கோணாது. "டீ அட்ச்சிட்டு வர்றேன், இத்த தொடாத" என்று போனை எடுத்துக்கொண்டு கீழே போவார். இருபது நிமிடம் கழித்து வரும்போது விடை தெரிந்திருக்கும். டீக்கடைக்காரர் ஒருவேளை பெரிய ஷெல் நிபுணராக இருக்கலாம்.

அவருடைய இருக்கைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள், லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. சாமி படம் இல்லை. பதினோரு வரி ஸ்கிரிப்ட். கம்பெனியை விட்டுப் போகிறவரின் பெயரைக் கொடுத்தால் போதும், பொது சர்வரில் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டர் தடம் தெரியாமல் அழிந்துவிடும். எழுதிய வருடம் அதற்காக அவருக்குச் சிறந்த ஊழியர் கேடயம் கொடுத்தார்கள். கீழே உத்தமனின் கையெழுத்து, 2014 என்று தேதி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை அந்தத் தாளுக்கு எதிரே நிறுத்தி வைத்துப் பேசுவது அவர் வழக்கம். "எங்க ஊர்ல டாங்கிக்கே ரிவர்ஸ் கியர் கீது. இதுல கெடையாது. அழிச்சா அழிச்சதுதான்."

அப்படி நின்றவர்களில் ஸ்வாதியும் ஒருத்தி. தென்காசிப் பெண், பிரேக் சோதனைப் பிரிவு, வானகரத்தில் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட். வந்த முதல் வாரமே தாளைப் படித்துவிட்டு, "சார், பேர் வர்ற இடத்துல டபுள் கோட்ஸ் போடணும்லா?" என்று மேற்கோள் குறியைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

உத்தமன் நாற்காலியோடு திரும்பினார். "டபுள் கோட்டா? ஒரு கோட்டுகூட இல்ல, ரெண்டு கோட்டு! இது இன்னா ஊட்டியா? அம்பத்தூரு வெயில்ல கோட்டு போட்டா ஸ்கிரிப்ட்டுக்கே வேர்த்துரும்மா!"

தளமே சிரித்தது. ஸ்வாதியும் சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வாள், தகுதிகாண் காலம். அன்று முதல் 'கோட்டு ஸ்வாதி' என்று பெயர்.

உத்தமனுக்கு ஸ்கிரிப்ட் ஒரு கண் என்றால் பென் டிரைவ் தடை இன்னொரு கண்; செருகி மாட்டினால் வேலை போகும். எல்லாக் கணினியிலும் பென் டிரைவ் செருகும் ஓட்டை மேல் தன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். மாதத்தின் முதல் திங்கள் தளத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஸ்டிக்கரையும் ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்ப்பார். தடவிக்கொடுப்பதற்கும் தொடுவதற்கும் நடுவே ஒரு தொடல். எல்லாம் பத்திரம் என்று ரிப்போர்ட் போகும்.

கணக்குப் பிரிவில் இன்னொரு ஸ்வாதி இருந்தாள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் நம் ஊரில் இனிஷியல்தானே வழக்கைத் தீர்த்துவைக்கும்? நிர்வாகத்தில் அவளுக்கு 'ஆர்' போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, 'ஸ்வாதி' என்று ஃபோல்டர் திறந்து கொடுத்தார்கள். அடையாள அட்டையில் இருக்கிறபடியே. போன மாதம் அவள் வேலையை விட்டாள். ஒரு திங்கள் மாலை, கிளம்பும் அவசரத்தில், உத்தமன் கீபோர்டை ஊதினார், நெட்டி முறித்தார், அவள் பெயரைக் கொடுத்தார், ரயிலைப் பிடித்தார்.

கோட்டு போடாத பெயரின் நடுவே இடைவெளி வந்தால் ஷெல் அதை ஒரு பெயராகப் பார்க்காது. 'ஆர்' என்று ஓர் ஆள், 'ஸ்வாதி' என்று ஓர் ஆள். இரண்டு பேரையும் அழிக்கச் சொல்கிறார் ஐயா என்று எடுத்துக்கொள்ளும். 'ஆர்' என்று எந்த ஃபோல்டரும் இல்லை. 'ஸ்வாதி' இருந்தது.

செவ்வாய் காலை தென்காசி ஸ்வாதி சர்வரைத் திறந்தபோது எட்டு மாத பிரேக் அளவுகள் இல்லை. வியாழக்கிழமை வாடிக்கையாளர் வந்து அதைத்தான் பார்க்கப்போகிறார். அதைக் காட்டினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சோதனை முதலிலிருந்து, வேலையும் முதலிலிருந்து, அநேகமாக வேறு ஊரில்.

"பதறாத. பேக்கப்பு கீது," என்றார் உத்தமன். பேக்கப் ஸ்கிரிப்ட்டும் அவர் எழுதியதுதான். அசலில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்று கறாராக எழுதியிருந்தார். அது சொன்ன பேச்சைத் தட்டாமல் நகலையும் துடைத்துவைத்திருந்தது.

மனிதருக்கு முதுகு நனைந்தது. கோட்டு எதுவும் போடாமலே.

"நீ வேற எங்கயாச்சும் வெச்சிருப்ப. நல்லா யோசி," என்றார். குரல் வழக்கத்தைவிட இரண்டு படி கீழே இருந்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, "ஏம்மா, பென் டிரைவு கிரைவுல...?" என்று இழுத்தார்.

 ஸ்வாதி அவரைத் தன் கணினிக்குக் கூட்டிப்போய், உத்தமன் கையெழுத்து போட்ட ஸ்டிக்கரை நகத்தால் தொட்டாள். பொட்டு மாதிரி உரிந்து வந்தது.

"எட்டு மாசமா வெள்ளிக்கிழமைதோறும் எடுக்கேன் சார். பசை போயி மூணு மாசம் ஆச்சு. நீங்க மாசாமாசம் தொட்டுட்டுத்தான் போறீங்க."

கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உத்தமன் அதை எடுத்த வேகத்தில் சட்டைப் பையில் போட்டு மூடிக்கொண்டார். தன் இடத்துக்குப் போய், தன் கணினியின் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து, அடையாள அட்டையின் பின்னால் ஒட்டிவைத்து, நகல் எடுத்து முடித்ததும் பழைய இடத்தில் ஒட்டிவிட்டார். எட்டு மாதமும் திரும்பி வந்தது. கடைசி வெள்ளிக்குப் பிறகான ஒரே ஒரு நாள் வேலை போனது. அதை ஸ்வாதி செவ்வாய் மாலைக்குள் மறுபடி செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மேனேஜர் ஸ்ரீகாந்துக்கு விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. தளத்தின் நடுவில் நின்று, "என்ன உத்தமன், ஏதோ டேட்டா போயிடுச்சாமே?" என்றார்.

"போச்சு சார். பேர் நடுவுல ஸ்பேஸ் வெச்சி ஃபோல்டர் தொறந்துகீறாங்க. ஸ்பேஸுதான் எமன்னு சொல்லிகினே கீறேன், யார் கேக்குறா? அப்பால நான் ரெகவரி பண்ட்டேன்."

"சூப்பர். நீங்க இல்லன்னா கஷ்டம்," என்று ஸ்ரீகாந்த் தோளைத் தட்டினார். நாலு பேர் கைதட்டினார்கள். ஸ்வாதி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பென் டிரைவ் வெளியே வரும், அதோடு அவளும் வெளியே போவாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்பதில்தான் நமக்கு வயிறு எரிகிறது.

சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் எழுந்தார்கள். ஸ்வாதி டிபன் பாக்ஸோடு உத்தமனின் இருக்கையைத் தாண்டும்போது நின்று, சுவரில் இருந்த லேமினேட் தாளைப் பார்த்தாள்.

"சார், இதுக்குக் குளிருது போலுக்கே," என்றாள். போய்விட்டாள்.

தளம் காலியாகும்வரை உத்தமன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலியானதும் டிராயரிலிருந்து மார்க்கரை எடுத்து எழுந்தார். ஒன்பதாவது வரியில், பெயர் வரும் இடத்துக்கு முன்னால் பொடியாக இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு போட்டார். கீழே இருந்த 2014-ஐத் தொடவில்லை. புதிதாகப் போட்ட கோடுகளைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். லேமினேட்டில் மை நிற்காமல் விரலோடு வந்துவிட்டது. பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். பிறகு முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அது காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார்.