சவேரியம்மாள் கையெழுத்திடாத தீர்மானம்

செவ்வாய்க்கிழமை காலை மாணவி இலக்கியா தொலைபேசியில் அழைத்தாள். "சார், நம்ம சவேரியம்மா போயிட்டாங்க சார்." ஆலங்குடியில் கடலை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர், எங்கள் கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவில் வெளி உறுப்பினர். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவரை அறிந்த நீங்கள், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் மரபணுவை மாற்றிச் செய்யும் ஆய்வு எதுவானாலும் இந்தக் குழு ஒப்புதல் தர வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் நான்தான் அதன் செயலர். இலக்கியாவும் தோழர்களும் மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து ஒரு புரதம் எடுத்து, கடலையில் பூஞ்சை நஞ்சு இருந்தால் சிவக்கும் தாள்பட்டை ஒன்றைச் செய்திருந்தார்கள். அதற்காகக் குழு கூடிய அன்றே, மாலை ஐந்து மணிக்குள் மாணவர் ஆய்வுப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பம் போயாக வேண்டும்.

கூட்டத்தின் தீர்மானத்தை முதல் நாளே தட்டச்சு செய்துவிடுவது என் வழக்கம். 'உறுப்பினர்கள் விவாதித்தனர். ஆட்சேபம் ஏதுமில்லை.' சவேரியம்மாள் அதை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"சார், நான் இன்னும் வாயே தொறக்கலீங்களே. அதுக்குள்ள விவாதிச்சுட்டேனா?"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சவேரியம்மாள் இலக்கியா பக்கம் திரும்பினார்.

"பட்டை செவந்துச்சுன்னா அந்தக் கடலைய என்ன செய்வாங்க பாப்பா?"

"வாங்க மாட்டாங்க, ஒதுக்கிருவாங்க" என்றாள் இலக்கியா.

"ஒதுக்குனது எங்கிட்டுப் போகும்?"

இலக்கியா தோழர்களைத் திரும்பிப் பார்த்தாள். சவேரியம்மாளே சொன்னார்:

"எங்களுக்குத்தான். கழிச்ச கடலைய, ஒடைக்கிற பொம்பளைங்க நாங்க மடியில கட்டிட்டுப் போவோம். சட்னி அரைப்போம், பிள்ளைக திங்கும். ஒங்க பட்டை வந்தா, கெட்டதாப் பாத்துப் பொறுக்கி எங்க வீட்டுக்கே அனுப்பும்."

மணி மூன்றேகால். நான் தட்டச்சுத் தாளைக் கிழித்தேன். அப்படியொரு காரியம் நான் செய்ததே இல்லை.

"அப்ப பட்டைய மொதல்ல கொட்டகையிலயே குடுத்துருவோம்!" என்றாள் இலக்கியா.

"குடுத்தா மட்டும் போதுமா? கெட்டதுன்னு தெரிஞ்சா பதிலுக்கு நல்ல கடலை யாரு குடுப்பா?"

நாற்காலிகள் நெருங்கின. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கினார். கையால் எழுதிய எனக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. "வேகமா எழுதுங்க சார், பரீச்சையில இப்படி எழுதுனா நீங்க பாஸ் போடுவீங்களா?" என்றார் சவேரியம்மாள். இத்தனை ஆண்டு விலங்கியல் நடத்திய எனக்கு இப்படியொரு வகுப்பு வாய்த்ததில்லை.

முடிவு இதுதான்: பட்டை முதலில் உடைப்பவர்கள் கைக்கு, சிவந்த கடலைக்குப் பதில் நல்ல கடலை தருவதாகக் கொட்டகைக்காரர் எழுதித் தர வேண்டும், தராவிட்டால் பட்டை வெளியே போகாது. சவேரியம்மாள் கையெழுத்திட்டார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போயிற்று. பரிசு வரவில்லை. கொட்டகைக்காரர் மூன்று மாதம் இழுத்தடித்து, பிறகு எழுதித் தந்தார்.

அடக்கத்தன்று கொட்டகைப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா எடத்துக்கு யாரு சார்? நான் வாரேன்." "நானும்." "ஏன், எனக்குக் கேள்வி கேக்கத் தெரியாதா?"

"ஒருத்தருக்குத்தாங்க இடம்" என்றேன்.

"ஒங்க பக்கம் மட்டும் ஆறு பேரு உக்காந்திருக்கீங்களாமே?"

அவர் எனக்குத் தந்தது துணிவு என்று சொல்லப் பயமாக இருக்கிறது. ஓர் அவசரம் என்று சொல்லலாம். குழுவில் கொட்டகைப் பெண்களுக்கு மூன்று இடங்கள் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு அன்றே கடிதம் எழுதினேன். இரண்டாம் முறை படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.