திரும்பி வந்த கை

பாடியில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வார்ப்படங்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்ப்பதுதான் என் வேலை. கிரீஸ் தடவி, ப்ரோப் என்கிற கைக்கருவியை மேலே நகர்த்தி, உள்ளே ஓட்டையோ கீறலோ இருக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். நல்ல உருப்படி என்றால் கை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் அதே இடத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பினால் பெரும்பாலும் சிவப்புப் பெயின்ட் பூசி ஒதுக்க வேண்டியதுதான்.

சென்ற வாரம் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவி வெறும் வயிற்றோடு ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தபோது, நான் திரையைப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவின் கையைத்தான் பார்த்தேன். என் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். கட்டி, பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டாமல் இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். ஒட்டியிருந்தால் இப்போதைக்குக் கத்தி வைக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். சி.டி. ஸ்கேனில் அந்த ஓர் இடம் மட்டும் தெளிவாக இல்லையாம். அதைப் பார்க்கத்தான் இந்த அல்ட்ராசவுண்ட்.

"மூச்ச இழுத்துப் புடிங்கம்மா. ம், விடுங்க."

கை வயிற்றில் நகர்ந்தது, நின்றது. கொஞ்சம் தள்ளிப் போய் அதே இடத்துக்குத் திரும்பியது. சாய்த்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், மறுபடியும் அங்கேயே வந்தார். எல்லாம் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பெரிய நிபுணன் அல்லவா.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நடுவுல மெல்லிசா இடைவெளி இருக்கு. குழாயில ஒட்டல. உறுதியாச் சொல்லணும்னுதான் திரும்பத் திரும்பப் பாத்தேன். ஆபரேஷன் பண்ணலாம்னு சர்ஜன்கிட்ட சொல்லிடறேன்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. என் மனைவியோ வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"எடம் கீதுன்னு அந்தம்மா சொல்ற வரைக்கும் நான் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்யா."

"தப்பா நெனச்சிட்டேன்," என்றேன்.

"ஆப்ரேசன் முடிஞ்சி கண்ணு முழிச்சா உன்னத்தான் மொதல்ல பாப்பேன். இன்னா ஆயிருந்தாலும் சரி, அந்த மூஞ்சியோட வந்து நிக்காத."

சரி என்றேன்.

அறுவை சிகிச்சை வருகிற திங்கட்கிழமை. காலையில் சவரம் செய்யும்போது, அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடியில் சிரித்துப் பழகுகிறேன். இன்னும் சரியாக வரவில்லை.