நஸீர் நானாவின் இரண்டு சாட்சிகள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், கண்டி நீதிமன்ற வளாகத்தில் பத்திரிகைக்குச் செய்தி எழுதவேண்டிய ஒரு வழக்கு கூப்பிடப்படுவதற்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது. பேசியவர் ரம்ஸான், நஸீர் நானாவின் மனைவியின் தம்பி.

"மச்சான் மௌத்தாகிட்டாரு சேர். சுபஹ் தொழுதிட்டுச் சாஞ்சவரு, எழும்பல்ல. அஸர் தொழுகையோட அடக்கம்" என்றார்.

வழக்கை விட்டுவிட்டுப் பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறினேன். வீட்டில் ஆண்கள் வரிசையாக வந்து கடைசியாக முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ஐந்து மணிக்கு முன்பே மையவாடியில் மண் மூடியாகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டி நகரில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், நஸீர் நானா ஸ்டூடியோ வைத்திருந்தார். கடவுச்சீட்டுப் படம் எடுப்பார். ஆனால் அவருடைய படிகளில் ஏறியவர்களில் பலர், இறந்துபோன ஒருவருடைய சிறிய படத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அடையாள அட்டைப் படம், கலியாணக் கூட்டத்தின் பின்வரிசையில் தெரியும் முகம், போனில் வந்த மங்கல் படம். அதைச் சட்டம் போட்டு மாலையிடும் அளவுக்குப் பெருப்பித்துக் கொடுப்பார். அவருடைய சமூகத்தாரிடம் இறந்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம் இல்லை. அந்த வேலையை அவர் பிறருடைய வீடுகளுக்காகவே செய்தார்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் வந்ததும், அந்தத் தெருவில் முதலில் வாங்கியவர் அவர். "தம்பி, இங்க பாருங்க, மயிர் மயிரா வருது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மகிழ்ச்சி சில மாதங்கள்தான் நீடித்தது.

மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலமானார். வீட்டில் மாட்ட ஒரு படம் செய்து கொடுத்தார் நானா. முப்பத்தோராம் நாள் பதாகைக்குப் படம் கேட்டபோது பழைய மூலப்படம் கையில் இல்லை. குடும்பத்தார் போனில் வைத்திருந்த, ஏற்கெனவே பெருப்பித்த படத்தையே மறுபடியும் பெருப்பித்தார். இடையில் மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தது. பதாகை தெருவில் ஏறியது. மறுநாள் இறந்தவரின் மகள் ஸ்டூடியோவுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நானா, எங்க அப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறது எங்களுக்கே தெரியாது. நல்ல வடிவான ஆளு. பல்லெல்லாம் வரிசையா இருக்கு. அவரைத்தான் லைட் போஸ்ட்ல கட்டியிருக்கோம். யாரு நானா அவரு?"

நானா ஏணியை எடுத்துக்கொண்டு போய்த் தானே பதாகையைக் கழற்றினார்.

அன்றைக்குப் பின் அவர் வேலை செய்யும் விதம் மாறியது. தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த அளவு, எந்த அமைப்பு என்று பென்சிலால் எழுதினார். தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தினார். முகத்தைத் திருத்தும் பொத்தானை அணைத்தே வைத்தார். எப்போதும் மூலப்படத்திலிருந்துதான் தொடங்குவார். ஒரு தடவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகமாட்டார். போனில் படம் அனுப்புகிறவர்களிடம், "படமா அனுப்பாதீங்க, டொக்யூமெண்டா அனுப்புங்க. இல்லாட்டி வழியிலயே பாதி முகம் போயிடும்" என்பார்.

இவற்றை வேறு ஸ்டூடியோக்காரர்களும் செய்யக்கூடும். அவர் மட்டும் செய்தது ஒன்று உண்டு. முதல் பிரிண்டை, இறந்தவரை அறிந்த இரண்டு பேரிடம், தனித்தனியாகக் காட்டுவார். ஒருவர் வீட்டார். மற்றவர் வெளியாள்.

"வீட்டார் மட்டும் போதாதா?" என்று கேட்டேன்.

"அழுற கண்ணுக்கு எல்லா முகமும் சரியாத்தான் தெரியும், தம்பி. நிக்காஹ்வுக்கே ரெண்டு சாட்சி வேணும். இதுக்கு வேணாமா?"

காட்டும்போது 'சரியா' என்று கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால் எவரும் தலையாட்டிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். "இது யாரு?" என்று மட்டும் கேட்பார். பெயர் சொல்ல ஒருவர் ஒரு கணம் தயங்கினாலும் பிரிண்டைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

இனி எழுத வேண்டியது என்னுடைய பிழையைப் பற்றி.

பெருமழையில் மலைகள் சரிந்த அந்த ஆண்டு, நாவலப்பிட்டியில் ஒரு பாடசாலை முகாமில் லெட்சுமி என்ற பெண்ணைச் சந்தித்தேன். அவருடைய கணவர் முருகேசு, டவுனில் ஒரு கடையில் வேலை செய்தவர், வேலை முடிந்து வரும் வழியில் காணாமல் போயிருந்தார். லெட்சுமியிடம் மிஞ்சியிருந்தது ஒரு கலியாணப் படம். அதில் முருகேசுவின் முகம் ஒரு பயற்றங்கொட்டை அளவு. "பேப்பர்ல போடுங்கய்யா. யாராச்சும் பாத்திருப்பாங்க" என்றார்.

நானாவிடம் கொண்டுபோனேன். இடது புருவத்தின் நடுவே ஒரு கோடு இருந்தது. மென்பொருள் அதைக் காகிதத்துக் கீறல் என்று எண்ணி நிரப்பியது. நானா பூதக்கண்ணாடியால் மூலப்படத்தைப் பார்த்தார். "இது கீறல் இல்ல, வெட்டு" என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு, "மூணு நாள் தாங்க. அந்தப் புள்ளகிட்டக் காட்டிட்டுத் தாறேன்" என்றார்.

"நான் வந்த பாதையும் இப்ப மூடியாச்சு நானா. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது."

அரைமனதோடு முத்திரை அளவில் ஒரு பிரிண்ட் தந்தார். உறையின்மேல் 'இதற்கு மேல் பெருப்பிக்க வேண்டாம்' என்று எழுதினார். பத்திரிகைப் பக்கத்தில் இரண்டு பத்தி இடம் காலியாக இருந்தது. அலுவலகத்தில் யாரோ ஒருவர் போன் செயலி ஒன்றில் போட்டுப் பெரிதாக்கினார். எனக்குக் காட்டினார். முகம் பளிச்சென்று இருந்தது. 'போடுங்கள்' என்றேன். உறை என் சட்டைப்பையில் இருந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அடையாளம் தெரியாத ஓர் உடலின் அருகே, உதவிக்கு நின்ற ஒருவர் எங்கள் பத்திரிகைப் பக்கத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். உடலில் புருவம் வெட்டுப்பட்டிருந்தது. படத்தில் முழுப் புருவம். ஆள் வேறு என்று பக்கத்தை மடித்து வைத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பாதைகள் திறந்தபோது, நீதவானின் உத்தரவுப்படி அந்த உடலை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

பத்திரிகையைப் பார்த்த அன்றே நானா என்னைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தையும் தன் பிரிண்டையும் மேசையில் அருகருகே வைத்தார். பென்சில் முனையால் புருவத்தைத் தொட்டார். அவ்வளவுதான். மறுநாளே திருத்தம் போட்டோம். ஆனால் அதற்குள் கீழ்ப்பக்கத்துப் பாதைகளும் மூடி, வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்குப் பத்திரிகை போகவில்லை. பாதை திறந்ததும் நாங்கள் இருவருமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அந்தச் சிறிய பிரிண்டைக் கொண்டு அலைந்தோம். நான்காவது இடத்தில் ஒரு கோப்பில், 'இடது புருவத்தில் பழைய வெட்டு' என்று எழுதியிருந்தது. அதனருகே ஒரு புதைகுழி இலக்கம்.

லெட்சுமியிடம் சொல்லப் போகும்போது, கொம்பியூட்டர் செய்த பிழை என்று சொல்லலாமா என்று கேட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த நானா திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. அதுக்கு முருகேசுவத் தெரியாது. தெரிஞ்ச ஆள்கிட்டக் கேக்காதது நாங்க."

நாங்கள் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

லெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம், "அந்தப் படம் நல்லா இருக்குன்னுதானேய்யா போட்டீங்க?" என்றார். ஏச்சு எதுவும் இல்லை. அவர் ஏசியிருக்கலாம்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில், லெட்சுமி குழியில் வைக்கவென்று நானா அந்தப் படத்தைப் புதிதாக அச்சிட்டு அனுப்புவார். கொப்பியில் எழுதி வைத்த அதே அமைப்பு, அதே அளவு. எந்த ஆண்டும் முகம் மாறவில்லை.

அலுவலகத்தில் இந்தக் கட்டுரைக்குப் படம் கேட்டார்கள். ஊர் முழுவதையும் படம் எடுத்தவருக்குத் தன் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது. ஓரத்தில் ஈரக்கறை. 'தாருங்கள், தெளிவாக்கிக்கொள்கிறோம்' என்றார்கள். வேண்டாம் என்றேன்.

ரம்ஸானிடம் காட்டி, "இது யாரு?" என்றேன். "மச்சான்தான். பில்லுல கையெழுத்து வைக்கச் சொல்ற நேரம் இப்பிடித்தான் மொறைப்பாரு" என்றார்.

இரண்டாவது சாட்சிக்காக வியாழக்கிழமை நாவலப்பிட்டிக்கு ரயில் ஏறினேன். லெட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார்.

"இது யாரும்மா?"

"நஸீர் நானா" என்றார் உடனே. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏங்கய்யா, இவரையும் காணோமா?"

இல்லையம்மா என்றேன். இருக்கும் இடம் தெரியும், பிலிமத்தலாவை மையவாடி, மதிலோரம், புது மண் என்றேன்.

படம் முத்திரை அளவில்தான் வந்திருக்கிறது, நானா. கறையையும் தொடவில்லை. சாட்சிகள் இருவரும் தயங்காமல் உங்கள் பெயரைச் சொன்னார்கள். விடை கொடுங்கள்.