மாரப்பன் திருப்பிக் கொடுத்த பாட்டுப்பெட்டி

எருத்தேன்பதியில் மாரப்பனுக்குப் பாம்புக் காதுக்காரர் என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் அந்த வட்டாரத்தில் ரேடியோ செட்டு அவருடையதுதான். கூட்டம் கசகசவென்று பேசிக்கொண்டிருக்கும்போதே, "கடைசிப் பொட்டியில கம்பி லூசாக் கெடக்குது, போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். பக்கத்துத் தோப்பில் மோட்டார் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே சுற்றினால், வீட்டில் சோறு தின்றுகொண்டே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுப்பாரா?

எம்பி3 பாட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "அது மூணாம் பாலுங்க" என்பார். தேங்காயைத் துருவி முதலில் பிழிவது கெட்டிப் பால். தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிழிந்தால் கடைசியில் வெறும் வெள்ளைத் தண்ணீர். ஃபைலைச் சின்னதாக்குகிறேன் என்று பாட்டின் சத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தருவதுதான் எம்பி3. ஃப்ளாக் என்கிற ஃபைல் அப்படியில்லை. சி.டி.யில் இருப்பதை ஒரு சொட்டுச் சிந்தாமல் மடித்து வைத்திருக்கும். அதுதான் முதல் பால். இதைத் தேங்காய் மண்டியில் சொல்வார், பால் சொசைட்டியில் சொல்வார், ஓர் இழவு வீட்டில்கூடச் சொல்லி மனைவி பூவாத்தாளிடம் முழங்கை இடி வாங்கியிருக்கிறார்.

அவருடைய பழைய பிளேயருக்கோ ஃப்ளாக் என்றால் என்னவென்றே தெரியாது. இந்த ஃபார்மட் எனக்கு ஆகாது என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். "பழையது தின்னு பழகுன வாய்க்கு விருந்து எறங்குமா?" என்று திட்டி அதை அலமாரியில் எறிந்தார். சித்தூருக்குப் போய் ஜினோ என்கிற மலையாளிப் பையனின் கடையில் ஃப்ளாக் பாடும் என்று அட்டையில் அச்சடித்திருந்த புது பிளேயரை வாங்கி வந்தார். உள்ளங்கையளவுப் பெட்டிதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கலாம் என்று பூவாத்தாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

வந்ததும் வராததுமாக இயர்போனை மாட்டிக்கொண்டு, சலங்கையில் தொடங்குகிற ஒரு பாட்டைப் போட்டார். தபலா வந்தது, பாட்டுக்காரியின் குரல் வந்தது. சலங்கை வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை. அதே பாட்டு அவருடைய செட்டில் ஓடினால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கொட்டும். "அட, திருட்டுப்பய பொட்டி!" என்று கத்தினார். திரையில் ஃப்ளாக் என்று எழுதிக் காட்டிவிட்டு உள்ளுக்குள் மூணாம் பாலைப் பிழிகிறது என்பது அவருடைய தீர்ப்பு. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். அதிலும் சலங்கை இல்லை.

மாரப்பனின் கோபத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அடிக்க மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். சொந்தத் தம்பி சிவப்பிரகாஷோடு அப்படித்தான் பேச்சு நின்றது. இருவர் வயலுக்கும் நடுவில் ஒரே வரப்பு. தம்பி நெல்லுக்கு மருந்து அடிக்கிறவன். "பொழுது சாஞ்சா காதைப் பிளக்கற சில்வண்டுச் சத்தம் எங்கடா போச்சு? மருந்தடிச்சு வம்சத்தையே அழிச்சுட்டியே, பாவி" என்று வரப்பில் நின்று கேட்டார். "அதெல்லாம் கத்திட்டுத்தான் இருக்குதுங்ணா" என்றான் தம்பி. பாம்புக் காதுக்காரரிடமே சொல்லலாமா அதை? "என்ற காதை உட உன்ற காது பெருசா?" என்றவர் நேரே கிருஷி பவன் என்கிற விவசாய அலுவலகத்துக்குப் போய் ஆபீசரிடம் புகார் சொன்னார். தம்பி வீட்டுச் சீர் விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைத் தம்பி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆக, மூன்றாவது தடவையாக ஜினோவின் கடைக்குள் நுழைந்தார் மாரப்பன். "ஏனுங்க ஜினோ, ஏமாத்தறதுக்கு என்ற தலைதான் கெடச்சுதா?"

ஜினோ பொறுமைசாலி. பெட்டியை வாங்கிக் கடையின் ஸ்பீக்கரோடு மாட்டி அதே பாட்டைப் போட்டான். பில் போடுகிற கற்பகம் தலையை ஆட்டிக்கொண்டே, "சலங்கை நல்லாத்தானுங்கய்யா கேக்குது" என்றாள். மாரப்பன் அவளை முறைத்தார். மொதலாளிக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தார்.

"சேட்டா, ஒரு காரியம் பண்ணலாம்" என்றான் ஜினோ. "இது பாட்டு இல்லை. வெறும் விசில். கீழேருந்து மேலே ஏறிட்டே போகும். ஃப்ளாக் ஃபைல்தான். பெட்டி எதையாவது முழுங்கினா இதுல தெரிஞ்சு போகும்."

"போடுங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்தரலாம்."

விசில் எருமை முனகுவதுபோலத் தொடங்கி, புல்லாங்குழலாகி, குக்கர் விசிலாகி, இன்னும் மெலிந்து ஏறியது. ஏறி, நின்றது. மாரப்பன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தீங்களா! நின்னுபோச்சு! இதுக்கு மேல உங்க பொட்டிக்குப் பாட வக்கில்லீங்க!"

ஜினோ திரையையும் மாரப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. மாரப்பன் கற்பகத்தைப் பார்த்தார். அவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தி, கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மணி, நடிக்கறியா?"

"இல்லீங்கய்யா, காதைக் கொடையுது. நிறுத்தச் சொல்லுங்கய்யா!"

"என்னத்தை நிறுத்தறது? அதுதான் நின்னுபோச்சே!"

"நிற்கலை சேட்டா" என்றான் ஜினோ மெதுவாக. "ஓடிட்டுத்தான் இருக்கு."

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜினோ பொத்தானை அமுக்கினான். கற்பகம் அப்பாடா என்று கையை எடுத்தாள். அமுக்குவதற்கு முன்னும் பின்னும் மாரப்பனுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அப்போதும் நிசப்தம், இப்போதும் நிசப்தம். தலையில் இடி விழுந்ததென்று சொல்வார்களே, அது அவருக்கு அந்தக் கடையில்தான் விழுந்தது. "ஒரு டாக்டரைக் கண்டா நல்லது சேட்டா" என்று ஜினோ சொன்னது பாதிதான் உள்ளே போனது. பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து அறைந்தது. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் என்று ஒரு குமிழ் உண்டு. திருகினால் மணி, ஜால்ரா மாதிரிக் கூரான சத்தம் தூக்கிக் கொடுக்கும். அதை அவர் ஒவ்வொரு நோம்பிக்கும் கொஞ்சம் கூட்டிக் கூட்டிக் கடைசிவரை திருகிவிட்டிருந்தார். மெஷினுக்கு வயசாச்சு என்று நினைத்தாரே தவிர, தனக்கு என்று நினைக்கவில்லை. வாலிபத்திலிருந்து குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்த மனிதர். போன நோம்பியில் பக்கத்து வீட்டு நாச்சம்மாள் காதில் பஞ்சு வைத்திருந்தாள், ஆண்கள் துண்டை இறுக்கித் தலையோடு கட்டியிருந்தார்கள். பனி என்று நினைத்தார். ஊர்க்காரர்கள் "மாரப்பண்ணன் செட்டுன்னா கணீருன்னு இருக்குமுங்க" என்று சொல்லிக்கொண்டே காதைப் பொத்தியிருக்கிறார்கள். ஐயோ, ஊரையே அல்லவா வதைத்திருக்கிறார்!

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பூவாத்தாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கடையில் நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். அவள் கை தொட்டியிலேயே நின்றுவிட்டது.

"அட சாமி! அதுதானுங்களா?" என்றாள். "கரண்டு போயி இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தறப்பல்லாம் அசையாம உக்காந்திருப்பீங்களே. இந்த மனுசனுக்கு எத்தனை கொழுப்புன்னு திட்டிட்டே நான் எந்திரிச்சுப் போவேனுங்க."

மாரப்பன் வயல் பக்கம் திரும்பினார். இதற்கு மேல் ஒன்றுதான் கேட்க மிச்சம் இருந்தது. அதைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"பூவா, சில்வண்டு கத்துதா?"

"ஏனுங்க?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இப்பக் கத்துதா?"

"கத்துதுங்க. நிக்கவே இல்லீங்களே." அவள் தவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "முன்னால ஒருக்காச் சொன்னேனுங்க. அது உன்ற காது ரீங்காரம், போய் மருந்து ஊத்துன்னு சொன்னீங்க. பொறவு, சத்தமே இல்ல பாத்தியான்னு நீங்க கேக்கறப்பல்லாம் ஆமாங்கன்னு சொல்லிட்டேன். தம்பி மேல கோபத்துல பேசறீங்கன்னு நெனச்சேனுங்க."

மாரப்பன் செருப்பைக்கூட மாட்டவில்லை. வரப்பில் நடந்தார். சிவப்பிரகாஷ் மடை திருப்பிக்கொண்டிருந்தான். அண்ணன் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான். ஏதோ சாவுச் சேதி என்றுதான் நினைத்திருப்பான்.

"பிரகாசு. சில்வண்டு கத்துதாடா?"

தம்பிக்குப் புரியவில்லை. "கேக்கலீங்களாண்ணா? காலுக்கடியிலேயே கத்துதே!"

"கேக்கலடா. கூரான சத்தத்துக்கெல்லாம் எனக்குக் காது போச்சு."

சிவப்பிரகாஷ் தன் வயலைப் பார்த்தான். நெற்பயிர் பாதி வெளுத்து, இலையெல்லாம் சுருண்டு, புழு தின்றது போகக் கிடந்தது. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில் மாரப்பன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

"என்னடா இது? மருந்தடிக்கலியா?"

"நீங்க கிருஷி பவனுக்குப் போன அன்னைக்கே உட்டுட்டனுங்ணா" என்றான் தம்பி. "பூச்சி நெறையக் கத்துச்சுன்னா அண்ணன் காதுக்குத் தப்பாது, கேட்டுட்டு வந்து பேசுவாருன்னு நெனச்சேன். போன போகமும் அடிக்கல, இந்தப் போகமும் அடிக்கல. கத்தத்தாண்ணா செஞ்சுது. நீங்கதான் வரல."

மாரப்பன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் சேற்றுக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சுற்றிலும் அத்தனை பூச்சிகளும் கத்திக்கொண்டிருந்த அந்த வயலில் அவருக்கு மடைத் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்படிடா கத்துது?" என்றார் கடைசியில்.

சிவப்பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணனின் காதோரம் வாயை வைத்து, அவருக்குக் கேட்கிற மாதிரிக் கூர்மையில்லாத கட்டைக் குரலில், க்ரீ, க்ரீ என்று கத்திக் காட்டினான்.