யாரோ கருக்கிய கோட்டு

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருந்திருக்கும். அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'நீராவி' என்றுதான் கூப்பிட்டார்கள். இஸ்திரி மெஷின் பக்கத்திலேயே கிடப்பதால் அந்தப் பேர் வந்தது என்பாள் அவள். பொய். வாயைத் திறந்தால் புஸ்ஸென்று சீறுகிற கோபத்துக்கு வைத்த பேர் அது.

கல்யாணமான புதிதில் அந்த மெஷின் முன்னால் நிற்க ஆரம்பித்தவள், மகளைக் கட்டிக் கொடுத்த பிறகும் நின்றுகொண்டுதான் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்து கிடந்தது. "இனிமேலும் நின்னா புண்ணாகும், ஆறாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். நிற்காமல் எங்கே போவது? கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இரண்டுதான். ஒன்று துண்டு மடிப்பது. அந்தப் பெஞ்சில் மடிப்புக்காரி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று ஷிப்ட் லீடர் நாற்காலி. அது காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் நீராவிக்கு உயிர் வந்தது.

அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. மாடியிலிருந்து விருந்தாளிகள் போன் பண்ணினால் இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிய வேண்டுமாம். அதற்கு ஒரு பரீட்சையாம். சின்ன வயசு வாத்தியாரம்மா ஒருத்தி வந்து ஒரு புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். முதல் பாடமே ப்ரோனவுன். பேருக்குப் பதிலாக வருகிற சொல்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சாயங்காலமானால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தோடு உட்காருவார்.

"ஐ-ன்னா நான். யூ-ன்னா நீ."

"நீங்க-ன்னா?"

"அதுக்கும் யூ தான்."

"மேனேஜருக்கும் யூ, குப்பையைக் கிளறுற நாய்க்கும் யூவா? நல்லா இருக்கு உங்க பாஷை."

"என் பாஷையா? நான் டிக்கெட் கிழிக்கிறவன்டி."

"சரி, மேல சொல்லுங்க."

"வீ-ன்னா நாம. நாங்க-ன்னாலும் வீ தான்."

"அதெப்படி? 'நாங்க சாப்பிடப் போறோம்'னா எதிர்ல நிக்கிறவனுக்குச் சோறு உண்டா இல்லையா?"

"அதை அவன் தட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் வகை வகையாகப் பிரித்துச் சொன்னார். ஆளைக் குறிக்கிறது ஒரு வகை: ஹீ, ஷீ, தே. சொந்தம் கொண்டாடுகிறது ஒன்று: மைன், யுவர்ஸ். தன்னையே திரும்பிப் பார்த்துக்கொள்கிறது ஒன்று: மைசெல்ஃப். விரலை நீட்டிக் காட்டுகிறது ஒன்று: திஸ், தட். கேள்வி கேட்க ஹூ. ரெண்டு பேச்சைச் சேர்த்து முடிச்சுப் போடுவதற்கும் ஹூ.

"ஹூ இப்பத்தானே கேள்வி கேட்டுச்சு?"

"இங்க முடிச்சுப் போடுது."

"காலையில ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலையா? பாவம், அதுக்கும் ஓவர்டைம் போல."

புத்தகத்தை மூடி எறிந்தாள். மறுபடி அவளே போய் எடுத்து வந்தாள். கால் வலி எடுக்க வைத்தது.

ஒரே ஒரு வகை மட்டும் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. சம்படி, நோபடி. யாரோ ஒருத்தர், ஒருத்தருமில்லை. அது புரியாமல் இருந்தால்தான் அதிசயம். சலவைக்கூடமே அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது. எப்போதோ ஒரு தடவை, சட்டையைக் கிழித்தவள் இன்னாள் என்று எவளோ வாயை விட்டுவிட்டாள். கிழித்தவளைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பித்தான் போனாலும் சரி, சாயம் இறங்கினாலும் சரி, மேனேஜர் கேட்டால் கூடம் முழுக்க ஒரே பதில்: "யாரோ, சார்." அதற்குத் தண்டனை, எல்லோரும் வேலை முடிந்தும் நின்று தரையைக் கழுவ வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கழுவுவார்கள். ஒருத்தி சோற்றில் மண் விழுவதைவிட எல்லோர் இடுப்பும் கொஞ்சம் ஒடிந்தால் பரவாயில்லை என்று வைத்திருந்தார்கள்.

பரீட்சை நாள் வந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டே நீராவி பாடத்தை முணுமுணுத்தாள்.

"கொஞ்ச நேரம் என் மெஷினைப் பாத்துக்கடி. பாத்ரூம்ல போய் ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் மடிப்புக்காரியிடம்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதே அக்கா."

"துணியை வை, மூடு, திற. இதுல என்ன தெரியணும்?"

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹெர்செல்ஃப். அப்படியென்றால் ஹிஸ்செல்ஃப் என்றுதானே வரவேண்டும்? ஹிம்செல்ஃபாம். "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலையோ" என்று அங்கேயே நின்று திட்டினாள்.

திரும்பி வந்தபோது கருகல் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறியது. மேஜை விரிப்புக்கு ஏற்றி வைத்த சூடு. அதைக் குறைக்காமலே ஒரு விருந்தாளியின் வெள்ளைக் கோட்டை வைத்து மூடியிருக்கிறாள் மடிப்புக்காரி. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. மடிப்புக்காரியின் முகம் செத்த முகமாக இருந்தது. நீராவி வாயைத் திறப்பதற்குள் பரீட்சைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாத்தியாரம்மா கேட்டாள், நீராவி சொன்னாள். எந்த வகை என்று கேட்டாலும் வந்தது, உதாரணமும் வந்தது. இவளுக்கே ஆச்சரியம். நாற்காலி அதோ, கைக்கெட்டுகிற தூரத்தில் வந்துவிட்டது.

அப்போதுதான் மேனேஜர் அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் ஒரு கேள்வி கேக்கிறேன். ஹூ டிட் திஸ்?"

"சம்படி, சார்."

"கரெக்ட்" என்றாள் வாத்தியாரம்மா. பாவம், அவளுக்கு இலக்கணம்தான் தெரியும்.

மேனேஜர் வாத்தியாரம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டு நீராவி பக்கம் திரும்பினார். "சம்படி கிம்படியெல்லாம் வேணாம். ஆளைச் சொல்லு. ஹீயா, ஷீயா?"

ஷீ. நாக்கு நுனியில் நின்றது. ஒரே எழுத்து. மெஷின் பக்கம் நின்ற ஷீ இவளை விட்டால் மடிப்புக்காரி ஒருத்திதான். அதைத் துப்பினால் இந்தக் காலுக்கு விடுதலை. அந்தக் கழுதைக்கோ புருஷன் இல்லை, ரெண்டு குஞ்சுகள் வீட்டில் வாயைப் பிளந்துகொண்டு இருக்கின்றன. அவளாகவா வந்து மெஷினைத் தொட்டாள்? இவள்தானே இழுத்து நிறுத்தினாள். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. மேனேஜர்மேல், மடிப்புக்காரிமேல், தன்மேல், ஒரே எழுத்தில் ஆளை அடையாளம் காட்டுகிற அந்தப் பாஷைமேல்.

"வீ, சார்."

"ஒரு கோட்டைக் கருக்க ஊரே திரண்டு வந்துச்சா? நீ செஞ்சியா?"

"நான் செய்யலை, சார்."

"அப்போ செஞ்சது யாருன்னு உனக்குத் தெரியும்."

மேனேஜர் கோட்டை மேஜைமேல் எறிந்தார்.

"கூடத்துல நடக்கிறதைச் சொல்லாத ஆளை லீடராக்கி நான் என்ன பண்றது? போ, போய் உன் மெஷினைப் பாரு."

"இலக்கணத்துல ஒரு தப்பும் இல்லையே, சார்" என்றாள் வாத்தியாரம்மா.

"அதைத் தலைக்கு வெச்சுப் படுக்கவா?" என்றார் அவர்.

நாற்காலிக்கு மாடியிலிருந்து ஒருத்தனை இறக்கினார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, போனில் மட்டும் தேனாக ஒழுகுவான். அன்றைக்கு எல்லோரும் தரையைக் கழுவினார்கள். மடிப்புக்காரி துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீ தெய்வம் அக்கா."

"தெய்வமாவது மண்ணாங்கட்டியாவது. கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நான் படிச்ச படிப்பெல்லாம் உன்னால சாக்கடையில போச்சு."

"நான் வேணா போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிட்டு? நாளைக்கு உன் பிள்ளைங்க என் வீட்டுக்கா சோத்துக்கு வரும்?"

மடிப்புக்காரி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை நீராவி தரையைத் தேய்த்தாள். பிறகு சொன்னாள்:

"மூக்கைச் சிந்திட்டுக் கேளு. நாளையிலிருந்து மத்தியானம் வரைக்கும் மெஷின்ல நான் நிக்கிறேன். அதுக்கப்புறம் நீ நிக்கிற. நான் உன் பெஞ்சில உக்காந்து மடிக்கிறேன்."

"மறுபடியும் கருக்கிட்டா?"

"கருக்கு, பாக்கலாம். பரீட்சையெல்லாம் வேணாம், நானே நேராப் போய் உன் பேரைச் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம் நீராவி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுக்குத் துணி மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். அந்தப் பக்கம் புது லீடர் போனில் 'ஐ, ஐ' என்று குழைந்துகொண்டிருந்தான். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் துண்டை மடித்தாள்.

மெஷின் பக்கத்திலிருந்து மடிப்புக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, மூலைக்கு மூலை சேரலையே."

"சேராட்டிப் போகுது. மூஞ்சிதானே துடைக்கப் போறாங்க."