சண்டைக்குப் போகாத விமானம்

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்த சமயம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ விமானம் ஒன்றை அதன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வர்ணம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. நான் லாரிக்கும் கடைப் பலகைக்கும் எழுதுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொடுக்கும் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதுவேன். எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை, பேசவே கூச்சம்.

தாளாளர் கொடுத்த சீட்டில், பச்சையும் காக்கியும் திட்டுத் திட்டாக அடிக்க வேண்டும், இறக்கைக்குக் கீழே பிளாஸ்டிக் குழாயில் நான்கு குண்டு செய்து தொங்கவிட வேண்டும், பலகையில் 'எதிரிகளை நடுங்க வைத்த போர் விமானம்' என்று எழுத வேண்டும் என்றிருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடியில் மஞ்சளாக ஒரு பட்டை வந்தது. வர்ணத்துக்கு முன் அடிக்கும் பழைய பிரைமர் பூச்சு என்று நினைத்து அதையும் தேய்த்துத் தள்ளிவிட்டேன்.

வெயில் வருகிறதே என்று டப்பாவைத் திறந்தால் சாரல் விழும். மூடினால் வெயில் அடிக்கும். அடித்த வர்ணம் காயாமல் கொப்பளித்தது. திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. இது போதாதென்று ஒரு பெரியவர் வேறு. பக்கத்து ஊரான வடகரைக்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பஸ் ஏறி வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கு அடியில் நின்றுவிடுவார்.

"ஏலே, இது சண்டை போட்டுச்சுன்னு எவம்லே சொன்னான்? பாடம் சொல்லிக்குடுத்த வண்டிலே இது!"

சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களே வரைந்து, நம் ஆட்களே செய்த விமானமாம். முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. இரண்டு பேர் கையிலும் விமானத்தைத் திருப்புகிற கம்பு. ஒருவர் அசைத்தால் மற்றவர் கையிலும் அசையும். பழகுகிறவன் தப்பு செய்தால் வாத்தியார் கைக்கு உடனே தெரிந்துவிடும். இதை அவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னார். ஏணி மேல் நின்ற எனக்குத் தலையே சுற்றியது. இந்த மனிதருக்கு வீடு வாசல் கிடையாதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் குண்டுகளைத் தொங்கவிட்டேன். அவர் திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பட்டாளத்துக்குப் போயி பள்ளிக்கூட வண்டிக்கு எண்ணெய் போட்டவன்னு ஊர்ல கேலி பண்ணுதானுவ. இப்ப நீயும் குண்டு கட்டிட்ட. அப்ப நான் பாத்த வேலைய வெளிய சொல்லக்கூடாதுன்னுதானலே அர்த்தம்?"

ஏணியிலிருந்து இறங்கினேன். தேய்க்கும்போது அடியில் வந்த மஞ்சள் பட்டை எதற்கு என்று கேட்டேன்.

"பழகுதவன் வருதான், வெலகிப் போன்னு தூரத்துலயே தெரியணும்லா. அதுக்குத்தான்."

ஓட்டுநர் பள்ளிக் கார்களுக்கு எத்தனை சிவப்பு 'எல்' எழுதியிருக்கிறேன்! அதே அடையாளத்தைத்தான் என் கையாலேயே தேய்த்து அழித்திருக்கிறேன்.

மறுநாள் காலை தாளாளர் அறைக்குப் போனேன்.

"சார், இது சண்டைக்குப் போனதில்ல. சொல்லிக்குடுத்தது. பள்ளிக்கூட வாசல்ல நிக்கதுக்கு அது போதும்லா?"

"ஒம்மகிட்ட யோசனை கேட்டனாவே, பெயிண்டரே?" என்றார். பிறகு ஜன்னல் வழியாக விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மஞ்ச பெயிண்டு வேற வாங்கணுமாவே?"

"எங்கிட்ட இருக்கு சார்."

குண்டுகளைக் கழற்றினேன். பெரியவர் ஒரு பக்கம் தார்ப்பாயைப் பிடிக்க, சாரலுக்கு இடையில் பச்சையைச் சுரண்டிவிட்டு வெள்ளி வர்ணமும் மஞ்சள் பட்டையும் அடித்தேன். பலகையில் 'பயிற்சி விமானம்' என்று எழுதினேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பட்டையின் மேல் கையை வைத்து அளந்து பார்த்தார்.

"ரெண்டு வெரல் கூடிட்டுலே."

பிரஷ்ஷை வாய்க்காலில் வீசிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் இரண்டு விரல் அளவு சுரண்டினேன்.

இப்போதெல்லாம் யார் சீட்டு கொடுத்தாலும், பிரஷ்ஷை நனைப்பதற்கு முன், "இது நெசந்தானா?" என்று கேட்டுவிடுகிறேன். அதனால் இரண்டு மூன்று வேலைகள் கைவிட்டுப் போயின. வீட்டிலும் அதற்குத் திட்டு விழுகிறது. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, என் கை எழுதியது பொய்யில்லை என்று தலை நிமிர்ந்து போக முடிகிறது.